ஆங்கில வகுப்பில் தமிழ் பேசட்டும்



சான்பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர், தனி உதவி எதுவுமின்றி உட்கார்ந்திருந்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1974-இல் நீதிபதிகள் சொன்னார்கள்: எல்லோருக்கும் அதே புத்தகம், அதே ஆசிரியர், அதே பாடம் என்பதாலேயே சமமாக நடத்தியதாகிவிடாது, மொழி புரியாத பிள்ளைக்கு அங்கே கல்வியே கிடைக்கவில்லை. லாவ் எதிர் நிக்கல்ஸ் என்பது அந்த வழக்கு.

நம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் 2012-13 தொடங்கி ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. பலகை மாறியது. பிள்ளையின் வீட்டில் பேசும் மொழி மாறவில்லையே!

ஆசிரியர்களான நாம் ஆங்கில வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்கிறோம். எத்தனை நொடி பொறுக்கிறோம்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளில் கவனித்துப் பார்த்தார். சராசரியாக ஒரே நொடி! மூன்று நொடி பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அங்கேயே அப்படியென்றால் நம் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்? கேள்வியைப் புரிந்துகொண்டு, தமிழில் யோசித்து, கடைசியில் நிற்கும் வினைச்சொல்லைத் தூக்கி நடுவில் வைத்து, தமிழில் இல்லாத 'தி'யைப் போடுவதா வேண்டாமா என்று திணறி, அப்புறம்தான் வாய் திறக்க வேண்டும். அதற்குள் நாம், "அடுத்து நீ சொல்லு" என்று போய்விடுகிறோம்.

பதிலைப் பிள்ளை முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் தமிழில் சொல்லட்டும். பிறகு இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் சொல்லட்டும். தமிழ் பேசினால் அபராதம் வாங்குகிற பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. அங்கே பிள்ளைகள் ஆங்கிலமா கற்கிறார்கள்? வாயை மூடிக்கொள்ளத்தான் கற்கிறார்கள்.

உச்சரிப்புக்கு ஒரு சின்ன வழி. பென்னுக்கும் (pen) பெஞ்சுக்கும் (bench) நமக்கு ஒரே 'பெ'. ஆங்கிலச் சொல்லின் மேல் பிள்ளைகள் தமிழில் எழுதிப் படிக்கிறார்களே, அங்கேதான் இந்த இரண்டும் குழம்புகின்றன. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். பென்னுக்குக் காகிதம் துள்ளும். பெஞ்சுக்கு அவ்வளவு அசையாது. வகுப்பே சிரிக்கும், சிரிக்கட்டும், தவறில்லை.

வகுப்பைப் பார்வையிடும் அதிகாரிகளும் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஆங்கிலப் பாடவேளையில் தமிழ் காதில் விழுந்தால், உடனே குறை எழுதாதீர்கள். அந்தத் தமிழுக்குப் பிறகு பிள்ளை ஆங்கிலத்தில் என்ன சொல்கிறது என்று இருந்து கேட்டுவிட்டு எழுதுங்கள்.