வானத்துக்கு எல்லைக்கல்

நிலம் அளக்க வரும் சர்வேயர் முதலில் தேடுவது எல்லைக்கல்லைத்தான். கல் இடம்பெயர்ந்திருந்தால் அளவு மொத்தமும் கோளாறு. வானத்தை அளப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நெடுநாளாக இருந்தது. அவர்கள் நம்பியிருந்தவை விண்மீன்கள். அவையோ ஓடிக்கொண்டே இருப்பவை. பர்னார்டு விண்மீன் 6 ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது. சுமார் 180 ஆண்டுகளில் முழுநிலவின் அகலத்தைக் கடந்துவிடும்!

1535 விண்மீன்கள் கொண்ட பட்டியலை வைத்துத்தான் ஒருகாலத்தில் ஒப்பேற்றினார்கள். 1998 ஜனவரி 1 முதல் அனைத்துலக வானியல் ஒன்றியம் குவாசர்களுக்கு மாறியது. தொலைதூர விண்மீன் மண்டலங்களின் நடுவே, கருந்துளையில் விழும் பொருள் கொதித்து ஒளிர்கிறதே, அதுதான் குவாசர். 1963-இல் மார்ட்டின் ஷ்மிட் அடையாளம் கண்ட 3சி 273 சுமார் 240 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. அத்தனை தூரத்தில் எது ஓடினாலும் நமக்கு நின்ற இடத்தில் நிற்பதாகவே தெரியும்.

அளப்பது எப்படி? ஜெர்மனியில் வெட்ஸெல், ஹவாயில் கோக்கீ பார்க். இரண்டு ஊரிலும் ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே குவாசரை நோக்கித் திரும்புகின்றன. வருவது வெறும் இரைச்சல்தான். அதை ஹைட்ரஜன் மேசர் கடிகாரத்தின் நேரக்குறியோடு பதிவுசெய்கிறார்கள். பிறகு இரண்டு பதிவுகளையும் கணினியில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தால், ஓரிடத்தில் பொருந்தும். ஓர் ஊருக்கு அலை எவ்வளவு பிந்தி வந்தது என்பது அதில் தெரிந்துவிடும். அந்தத் தாமதத்திலிருந்தே குவாசரின் திசையைக் கணக்கிடலாம். திசை முன்பே தெரிந்திருந்தால், பூமி எவ்வளவு சுழன்றிருக்கிறது என்றும் சொல்லலாம். இந்த இரு ஊர்களும் ஒரு மணி நேரம் சேர்ந்து கேட்பது பெரும்பாலும் அதற்காகவே. ஏனென்றால், ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களால் அந்தச் சுழற்சிக் கோணத்தைத் தாமாக நெடுநாள் காப்பாற்ற முடியாது.

எல்லாக் குவாசரும் யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. சில பீய்ச்சும் தாரை மாறும்போது, மையமே நகர்ந்ததுபோல் ஏய்க்கும். அதனால் 2019-இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில், நாலாயிரத்துக்கு மேற்பட்டவற்றிலிருந்து 303 மட்டுமே எல்லைக்கற்களாகத் தேர்வாயின.

இன்னொரு சங்கதி. நம் சூரியன் பால்வீதியின் மையத்தைச் சுற்றுவதால், குவாசர்கள் எல்லாமே ஆண்டுதோறும் துளி நகர்வதுபோல் தோன்றுகின்றன. ஒரு பாகையை 3600 கூறாக்கி, அதில் ஒன்றைப் பத்து லட்சமாக்கினால், அதிகம் போனால் 6 பங்கு! அதையும் விட்டுவைக்கவில்லை. 2019 பட்டியலில் உள்ள இடங்கள் 2015-ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கு உரியவை; வேறு தேதிக்கு வேண்டுமென்றால் கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.