வக்கீல் குமாஸ்தா

பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளின் பெற்றோர், அடுத்து என்ன செய்யலாம் என்று என்னிடம் யோசனை கேட்க வருவதுண்டு. மருத்துவர், பொறியாளர், ஆசிரியர், வழக்கறிஞர் என்று பல உத்தியோகங்களை அவர்கள் சொல்வார்கள். வழக்கறிஞரின் குமாஸ்தா என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. நெடுங்காலம் நானும் அதைச் சொன்னதில்லை. அது என் பிழை. அப்பிழையை நான் உணர்ந்த விதத்தை இன்று தங்களிடம் கூற விரும்புகிறேன்.

கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறிய மாணவன் ஒருவன், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு வந்தான். வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாகச் சேரப் போவதாகச் சொன்னான். "இதற்குத்தானா இத்தனை படிப்பு?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனான்.

ஆண்டுகள் பல சென்றன. 2008-ஆம் ஆண்டில், எங்கள் குடும்ப நிலத்துக்குச் செல்லும் வண்டிப்பாதை பற்றிய வழக்கில், முன்சீப் கோர்ட்டில் எங்களுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. எங்கள் வழக்கறிஞரோ நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் உண்டு என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி, நான் நிதானமாக இருந்தேன். ஒருநாள் கோர்ட்டு வாசலில் அந்தப் பழைய மாணவரைக் கண்டேன். கக்கத்தில் கேஸ் கட்டு, கையில் நாட்குறிப்பு. செய்தியைக் கேட்டதும் அவர் முகம் மாறிற்று.

"ஐயா, 90 நாள் என்பது உயர்நீதிமன்றத்துக்குப் போகும் மேல்முறையீட்டுக்கு. முன்சீப் கோர்ட்டுத் தீர்ப்பின் மேல் சார்பு நீதிமன்றத்துக்குப் போக 30 நாள்தான். தீர்ப்புச் சொன்ன நாளைத் தள்ளினால், இன்று இருபத்து மூன்றாம் நாள்" என்றார்.

அன்று மாலைக்குள் தம் வக்கீலிடம் என்னை அழைத்துச் சென்று, தீர்ப்பின் நகலுக்கு மனுப் போடச் செய்தார். நகல் தயாராவதற்கு வேண்டிய நாள்களைக் கெடுவில் சேர்ப்பதில்லை என்பது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தரும் சலுகை. ஆனால் நகலுக்கான முத்திரைத் தாளைக் கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது, உரிய நாளில் அதைக் கட்டவேண்டும். தவறினால் மனு தள்ளுபடியாகும். நம் தாமதத்தால் கழிந்த நாள்கள் நம் தலையிலேயே விழும். அவர் நாள்தோறும் அந்தப் பலகையைப் பார்த்து வந்தார். "22 நாள் செலவு, 8 நாள் இருப்பு" என்று எனக்குக் கணக்குச் சொன்னார். எஞ்சிய எட்டில் ஐந்தாம் நாள் மேல்முறையீடு தாக்கலாயிற்று.

தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் தக்க காரணம் காட்டவேண்டும். டீக்கடைப் பேச்சை நம்பினேன் என்று ஒரு தலைமையாசிரியர் எந்த முகத்தோடு மனு எழுதுவது? என் வகுப்பில் கணக்குக்குத் தடுமாறியவர் போட்ட கணக்கே எங்கள் பாதையைக் காத்தது.

செலவு முழுவதற்கும் சீட்டு எழுதித் தந்தார். தமக்குரிய குமாஸ்தா கட்டணத்தையும் அதில் ஒளிக்காமல் எழுதியிருந்தார். அதே அலுவலகத்தில் நடந்த வேறொரு வழக்கைப் பற்றி நான் வம்பாகக் கேட்டபோது, மழையைப் பற்றிப் பேசினார். கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்கும் கடமை வக்கீலுக்கு மட்டுமன்று, அவருடைய குமாஸ்தாவுக்கும் உண்டு என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே விதித்திருந்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது.

நிற்க. இத்தொழிலுக்கு வர எண்ணும் இளைஞர்களுக்குச் சில சொல்வேன். வாய்தாத் தேதியைப் பிழையின்றிக் குறித்தல், வக்காலத்தும் மனுவும் குறைபாடின்றித் தாக்கல் செய்தல், கட்டணம் செலுத்துதல், கட்டுகளைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்துத் தருதல் ஆகியவை அன்றாட வேலைகள். இப்போது மனுக்களைக் கணினி வழியே தாக்கல் செய்யும் முறையும் வந்துவிட்டதால், தட்டச்சும் கணினிப் பழக்கமும் அவசியம். நீதிபதி முன் வாதாடும் உரிமை குமாஸ்தாவுக்கு இல்லை. அரசாங்க உத்தியோகம் போன்ற நிலையான சம்பளமும் ஓய்வூதியமும் இல்லை. இவற்றை மறைத்துப் பிள்ளைகளை அனுப்புவது தகாது.

சட்ட உதவியைச் சேவையாகச் செய்ய விரும்புவோருக்கு வேறொரு வழியும் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் இயங்கும் தேசிய ஆணையம், 2009-இல் சட்டத் தன்னார்வலர் திட்டத்தை வகுத்தது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், ஏழை மக்களை இலவச சட்ட உதவி மையங்களுக்கு வழிகாட்டி அழைத்துச் செல்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது மதிப்பூதியமே. அதை ஜீவனத்துக்கு நம்ப இயலாது. எனினும் சட்டத்தின் வாசலில் திகைத்து நிற்பவருக்கு அவர்களால் விளையும் நன்மை பெரிது.

நியாயம் நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது; அது உரிய நாளில் உரிய மேசைக்குப் போய்ச் சேரவேண்டும். அதைச் சுமந்து செல்பவரை, "இதற்குத்தானா இத்தனை படிப்பு?" என்று நான் கேட்டேன். அக்கேள்வியை அவரிடம் நேரில் சென்று திரும்பப் பெற்றுக்கொண்டேன். "ஐயா, அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன்" என்றார். தேதி ஒன்றையும் மறவாத அவர், அதை மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.