மாரி வெள்ளமும் வேளாண்மைக் குடும்பமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



மட்டக்களப்புப் படுவான்கரையிலே 'வேளாண்மை' என்றால் நெல் ஒன்றுதான். கச்சான் நட்டவனை வேளாண்மை செய்கிறான் என்று நாம் சொல்வதில்லை. நமது கஷ்டத்தின் வேர் இந்தப் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

மழையை நம்பிய காணிக்கு வருடத்தில் ஒரு போகம். புரட்டாதி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் வெட்டுகிறோம். இடையிலேதான் மாரி. உழவுக்கூலி, விதைநெல், உரம் யாவும் கடனாக நிலத்தில் இறங்கிய பின்பே வெள்ளம் வருகிறது. 2011ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு முறை, பெப்ரவரியில் மறுமுறை வந்தது. முகத்துவாரத்தை வெட்டி வாவி நீரைக் கடலுக்கு விட்டாலும், சாய்ந்து நீரில் கிடந்த கதிர் முளைவிட்டுப் போகும். கடன் மட்டும் அழுகுவதில்லை. அதை அடைக்கத் தாயை வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக அனுப்பிய வீடுகள் நம் ஊர்களில் உண்டு.

நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறுவோம் என்பார் சிலர். 1978 நவம்பரில் அடித்த சூறாவளி தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்ததை இங்குள்ள பெரியோர் கண்ணாரக் கண்டவர்கள். ஒரே வெள்ளமோ ஒரே காற்றோ சேர்த்து அழிக்க முடியாத இரண்டு மூன்று வரும்படிகள் ஒரு வீட்டுக்கு வேண்டும். மேட்டு வளவிலே கச்சானும் சோளமும் போடலாம். எருமைத் தயிர் இருக்கிறது. எருமைகளைக் காலத்தோடு மேட்டுக்கு ஓட்டிவிட வேண்டும், அவ்வளவே. பன் பாயைப் பாருங்கள். பன் சதுப்பிலே செழிப்பது. வேளாண்மையை அழித்த தண்ணீரே அதை வளர்க்கிறது!

இவை நம் பாட்டிமார் அறிந்த தொழில்கள்தாம். அவற்றைக் குறைந்த தொழில் என்று ஒதுக்கியது யார்? கலியாணப் பேச்சில் எத்தனை ஏக்கர் வயல் என்று கேட்கிறோம். எத்தனை எருமை கறக்கிறது என்று கேட்பவரில்லை. பெரியோர்கள் கோபிக்கக் கூடாது, உங்களைத்தான் சொல்கிறேன்.

பிளாஸ்ரிக் பாய் வந்தபின் பன் பாய்க்கு விலையில்லை என்கிறார்கள். வீட்டு வாசலில் வியாபாரி கேட்கும் விலைக்குக் கொடுத்தால் விலை எங்கிருந்து வரும்? ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கத்தில் எவ்வளவு சனம் கூடுகிறது! அங்கே சங்கம் ஒரு கொட்டில் போட்டு, நம் தாய்மார் இழைத்த பாய்களைத் தரகில்லாமல் விற்கலாம். கொட்டிலில் நிற்க நாளுக்கு இரண்டு தம்பிமார் போதும். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.