சோம்பேறியா, சோம்பலா?



என்ஜினீயரிடம் மைக்கைக் கொடுத்தால் மெஷினைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது இலக்கணம். அதுவும் ஐரிஷ் இலக்கணம்! பயப்படாதீங்க, அஞ்சே நிமிஷம்.

வேலை நிமித்தமாக இரண்டு வருடம் டப்ளினில் இருந்தேன். அங்கே புழக்கத்தில் ஆங்கிலம்தான் அதிகம். ஆனாலும் 1937-ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி முதல் ஆட்சிமொழி ஐரிஷ். என்னோடு வேலை பார்த்த ஓர் அம்மையார் வீட்டில் ஐரிஷ் பேசுகிறவர்.

எனக்குக் கீழே ஒரு பையன். கொடுத்த வேலையைத் தொடவே மாட்டான். "இவன் சோம்பேறி, அப்படியே ரிப்போர்ட்டில் எழுதப்போகிறேன்" என்றேன். அம்மையார் நிதானமாக, "எங்கள் மொழியில் அதற்கு இரண்டு வாக்கியம் உண்டு. நீங்கள் சொல்வது எது?" என்று கேட்டார்.

'லெஷ்கெ' என்பது பெயர்ச்சொல். சோம்பல் என்றும் பொருள், தயக்கம் என்றும் பொருள். அதோடு 'ஊல்' விகுதி சேர்ந்தால் 'லெஷ்க்யூல்', அதாவது சோம்பேறியான. 'போன்ற' என்ற பொருளுள்ள பழைய சொல் தேய்ந்துதான் அந்த விகுதி ஆனது. நம் பெயரடை முன்னால் வரும், அவர்களுக்குப் பின்னால். 'ஃபார் லெஷ்க்யூல்' என்றால் சோம்பேறி மனிதன். பன்மையில் 'லெஷ்க்யூலா'. 'அதைவிடச் சோம்பேறி' என்று ஒப்பிடும்போதும் அதே வடிவம், முன்னால் 'நீஸ்' சேரும்.

'தா ஷே லெஷ்க்யூல்' என்றால் அவன் குணமே அது. 'தா லெஷ்கெ எர்' என்றால் அவன்மேல் சோம்பலோ தயக்கமோ இருக்கிறது, அவ்வளவுதான். பசியையும் துக்கத்தையும்கூட இப்படித்தான் ஒருவர்மேல் இருப்பதாகச் சொல்வார்கள். மேலே வந்தது இறங்கியும் போகலாம் இல்லையா?

மறுநாள் பையனைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். "சார், முதல் தடவை தப்பு பண்ணப்போ எல்லார் முன்னாலயும் திட்டினீங்க. அதுக்கப்புறம் தொடவே பயமா இருக்கு" என்றான். அந்தத் தயக்கத்தை அவன்மேல் ஏற்றி வைத்தவனே நான்தான்! ரிப்போர்ட்டை மாற்றி எழுதினேன். திட்டியதற்கு எல்லார் முன்னாலும் வருத்தம் தெரிவித்தேன். அடுத்த மாதமே பையன் வேலையில் வேகம் பிடித்தான்.

நம்மிடமும் 'சோம்பேறி' உண்டு, 'சோம்பலா இருக்கு' என்பதும் உண்டு. நம் பிள்ளைகளையும், நம்மிடம் வேலை பார்ப்பவர்களையும் பற்றிப் பேசும்போது எதை எடுக்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிப்போம்.