பெட்டியின் மேல் எழுதியிருப்பது
(காக்கநாட்டில் தமிழ் வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)

போன வாரம் இந்த வகுப்பில் ஒரு தங்கை ஒரு கேள்வி கேட்டார். அவர் இங்கே காக்கநாட்டுச் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில், ஒரு கம்பெனியில் பெட்டி கட்டும் வேலை பார்ப்பவர். "ஐயா, தினமும் அட்டைப்பெட்டி மேல ஏதேதோ ஒட்டுறோம். லாரிக்காரர் நீட்டுற தாள்ல கையெழுத்துப் போடுறோம். இப்ப எழுத்துக் கூட்டிப் படிக்க வருது. ஆனா படிச்சாலும் அர்த்தம் புரியலையே?" என்றார்.

நல்ல கேள்வி. படித்தும் புரியாத சொல், படிக்காத சொல்லைவிட ஆபத்தானது. அதற்கான பதில்தான் இன்றைய பேச்சு. நான் மட்டாஞ்சேரியிலும் வில்லிங்டன் தீவிலும் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவன். டாலி கிளார்க் என்பார்கள். ஏறுகிற மூட்டை எத்தனை, இறங்குகிற மூட்டை எத்தனை என்று கோடு போட்டு எண்ணுவது என் வேலை. பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

காக்கநாட்டில் கடல் இல்லை. ஆனால் இங்கே கட்டுகிற பெட்டிகளில் பல கடலுக்குத்தான் போகின்றன. இந்த மண்டலம் 1984-இல் ஏற்றுமதிக்கென்றே தொடங்கப்பட்டது. இங்கிருந்து லாரி வல்லார்பாடம் போகும். அங்கே 2011-இல் திறந்த கன்டெய்னர் முனையம் இருக்கிறது. அதற்கு முன்பு எல்லாம் வில்லிங்டன் தீவுதான். அந்தத் தீவே பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காயலைத் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டிப் பெருக்கிய நிலம். 1928-இல் 'பத்மா' என்ற கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் வந்தது. அதற்கு முன்பு கப்பல்கள் வெளிக்கடலில் நிற்கும். மட்டாஞ்சேரிக் கிடங்குகளிலிருந்து தோணிகளில் மிளகும் கயிறும் போகும்.

அந்தக் காலத்தில் எல்லாம் மூட்டைக் கணக்கு. கன்டெய்னர் வந்த பிறகு பெட்டிக் கணக்கு ஆயிற்று. இந்தியாவுக்கு முதல் கன்டெய்னர் கப்பல் வந்தது 1973-இல். வந்த இடம் நம் கொச்சிதான். 'பிரெசிடென்ட் டைலர்' என்று அந்தக் கப்பலுக்குப் பெயர்.

கன்டெய்னரின் கதவை என்றாவது நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் நான்கு எழுத்து, பிறகு ஏழு எண். அதுதான் பெட்டியின் பெயர். உலகம் முழுவதும் அந்தப் பெயர் ஒரு பெட்டிக்குத்தான் உண்டு. கீழே எடைகள் இருக்கும். 'டேர்' என்றால் வெறும் பெட்டியின் எடை. 'மேக்ஸ் கிராஸ்' என்றால் பெட்டியும் சரக்கும் சேர்ந்து அதற்குமேல் போகக் கூடாத எடை. ஒரு இருபதடிப் பெட்டியில் மேக்ஸ் கிராஸ் 30,480 கிலோ, டேர் 2,230 கிலோ என்று எழுதியிருந்தால் எவ்வளவு சரக்கு ஏற்றலாம்? கழித்துப் பாருங்கள். 28,250 கிலோ. நீங்கள் போன மாதம் படித்த கழித்தல் கணக்குதான் இது.

இருபதடிப் பெட்டி ஒன்றை 'ஒரு டி.இ.யு.' என்பார்கள். நாற்பதடி என்றால் இரண்டு. துறைமுகம் இத்தனை டி.இ.யு. கையாண்டது என்று செய்தித்தாளில் வந்தால், இத்தனை இருபதடிப் பெட்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

இனி படங்களுக்கு வருவோம். அட்டைப்பெட்டியில் குடைப் படம் இருந்தால் நனையக் கூடாது என்று பொருள். உள்ளே குடை இருக்கிறது என்று நினைத்த ஆளை எனக்குத் தெரியும்! கண்ணாடிக் குவளை என்றால் உடையும் பொருள். மேலே பார்க்கும் இரண்டு அம்பு என்றால் கவிழ்த்து வைக்கக் கூடாது. கொக்கிப் படத்தின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால், கொக்கி போட்டுத் தூக்கக் கூடாது. மட்டாஞ்சேரியில் சாக்கு மூட்டையைக் கொக்கி போட்டு இழுத்தே பழகிய கைகளுக்கு இந்தப் படம் எளிதில் பழகவில்லை. எத்தனை மூட்டை கிழிந்து, எத்தனை பேர் திட்டு வாங்கினார்கள் என்று எண்ணவில்லை.

இன்னொரு வகைப் படம் உண்டு. முனையில் நிற்கும் சதுரம், வைரம் மாதிரி. அது இருந்தால் ஆபத்தான சரக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2025 மே 25-ஆம் தேதி எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் நம் கடலில் மூழ்கியது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த கப்பல். கப்பலில் இருந்த 24 பேரையும் காப்பாற்றிவிட்டார்கள். அதில் சுமார் 640 கன்டெய்னர் இருந்தது. 13 பெட்டிகளில் ஆபத்தான சரக்கு. அவற்றில் பெரும்பாலானவற்றில் கால்சியம் கார்பைடு. பெயர் புதிதாக இருக்கிறதா? நமக்குத் தெரிந்த கார்பைடு கல்தான். மாம்பழம் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாகப் போடுவார்களே, அதுவே. அதன்மேல் தண்ணீர் பட்டால் எரிவாயு கிளம்பும். வெல்டிங் கடையில் எரிகிற அதே அசிட்டிலின் வாயு. கடலில் விழுந்தது தண்ணீரில் பட்டால் எரிகிற சரக்கு! மற்ற பெட்டிகளிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் குருணை திருவனந்தபுரம் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் அரிசி கொட்டினாற்போல் ஒதுங்கியது.

கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் பெட்டிகள் ஒதுங்கின. கிட்டே போகாதீர்கள், தொடாதீர்கள் என்று அரசு சொன்னது. ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே கரையில் நிற்கிற மீனவருக்கு யார் சொல்வது? பெட்டி தானே சொல்லும், படிக்கத் தெரிந்தால். நீலச் சதுரம், நடுவில் தீக்கொழுந்து, கீழ்முனையில் 4 என்ற எண். இது இருந்தால் 'தண்ணீர் பட்டால் ஆபத்து' என்று பொருள். கார்பைடுக்கு உரிய அடையாளம் அதுதான். சிவப்பு என்றால் தீப்பற்றும் சரக்கு. மண்டை ஓடு என்றால் விஷம். படம் உரிந்துபோன பெட்டியும் உண்டு. அதனால் படம் இல்லை என்றால் பயம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

எந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று எப்படித் தெரிந்தது? 'மேனிஃபெஸ்ட்' என்ற தாளால். கப்பலில் உள்ள மொத்தச் சரக்கின் பட்டியல் அது. கப்பல் மூழ்கினாலும் பட்டியல் கரையில் இருக்கும். ஆனால் பட்டியலில் ஏற்றுமதிக்காரர் எழுதியதுதான் இருக்கும். பூட்டி முத்திரை வைத்த பெட்டியைக் கப்பல்காரர் திறந்து பார்ப்பதில்லை. அதனால்தான் கப்பல் தாள்களில் 'செட் டு கன்டெய்ன்' என்று ஒரு வார்த்தை போடுவார்கள். 'உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது' என்று அர்த்தம். நான் பார்க்கவில்லை, அவர் சொன்னார், நான் எழுதினேன் என்று கப்பல்காரர் கை கழுவுகிறார். இரண்டு மூன்று வார்த்தைதான். ஆனால் பொறுப்பு இங்கிருந்து அங்கே போய்விடுகிறது பாருங்கள்.

இனி தாள்கள். மூன்று 'பில்' உண்டு. மூன்றும் பணம் கட்டுகிற பில் அல்ல. 'ஷிப்பிங் பில்' என்றால் ஏற்றுமதிக்காகச் சுங்க அலுவலகத்துக்குத் தரும் விவரம். 'பில் ஆஃப் என்ட்ரி' என்றால் இறக்குமதிக்குத் தரும் விவரம். மூன்றாவதுதான் பெரியவர்: 'பில் ஆஃப் லேடிங்'. சரக்கைக் கப்பலில் ஏற்றிக்கொண்டேன் என்று கப்பல் கம்பெனி தரும் ரசீது. ரசீது மட்டும் அல்ல, சொத்துப் பத்திரம் மாதிரியும் கூட. மூலத்தாள் யார் கையில் இருக்கிறதோ, அவர் துறைமுகத்தில் அதைக் கொடுத்துச் சரக்கை எடுக்கலாம். சரக்கு கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே தாளைக் கைமாற்றி விற்கலாம். இதற்கென்று 1856-இல் போட்ட சட்டம் நம் நாட்டில் 2025 வரை ஓடியது. அந்த ஆண்டுதான் புதுச் சட்டம் வந்தது.

இந்தத் தாளில் 'கிளீன்' என்று ஒரு தகுதி உண்டு. மூட்டை கிழிசல், பெட்டி நசுங்கல், ஈரம் என்று எந்தக் குறிப்பும் எழுதப்படாத தாள் 'கிளீன்'. குறிப்பு எழுதிவிட்டால் வங்கி அந்தத் தாளுக்குப் பணம் தரத் தயங்கும். அதனால் குறிப்பு எழுதாதே என்று குமாஸ்தாவைக் கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள், டீ வாங்கித் தருவார்கள். மூன்றையும் பார்த்தவன் நான். டீ மட்டும் குடித்திருக்கிறேன்.

மிளகு வியாபாரிகள் பேசும்போது 'எஃப்.ஓ.பி. கொச்சி' என்பார்கள். கொச்சியில் கப்பலில் ஏற்றும் வரைதான் விற்பவர் செலவு, விற்பவர் பொறுப்பு. ஏறிய பிறகு எல்லாம் வாங்குபவருடையது. 'சி.ஐ.எஃப். ஹாம்பர்க்' என்றால் ஹாம்பர்க் வரை கப்பல் கூலியும் காப்பீடும் விற்பவர் கட்டுவார். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கூலி விற்பவர் கட்டுவதால், வழியில் நனைந்தால் நஷ்டமும் அவருக்கே என்று நினைப்பார்கள். அப்படி அல்ல. இதிலும் சரக்கு கப்பலில் ஏறியதும் நஷ்டம் வாங்குபவர் பக்கம் போய்விடும். அதற்காகத்தான் காப்பீடு. பாரிசில் உள்ள சர்வதேச வர்த்தக சபை 1936-இல் இந்தச் சொற்களுக்கெல்லாம் பொருள் வரையறுத்தது. பலமுறை திருத்தியும் வெளியிட்டது; 2020-இல் ஒரு திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

இன்னும் இரண்டு சொல். 'டெமரேஜ்' என்பது துறைமுகத்தில் இலவச நாள் தாண்டியும் சரக்கு கிடந்தால் வரும் தாமதக் கட்டணம். 'டிடென்ஷன்' என்பது கன்டெய்னரை எடுத்துக்கொண்டு போய், காலிப் பெட்டியை நேரத்துக்குத் திருப்பித் தராவிட்டால் கப்பல் கம்பெனி கேட்கும் பணம். இரண்டும் நாள் கணக்கில் ஏறும். கல்யாணத்துக்கு எடுத்த வாடகைப் பாத்திரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

சரக்குக்கு இத்தனை தாள். தூக்கிய மனிதனுக்கு என்ன இருந்தது? 'சாப்பா' இருந்தது. ஓர் உலோக வில்லை. காலையில் கூட்டத்தில் அதை வீசி எறிவார்கள். பாய்ந்து பிடித்தவனுக்கு அன்று வேலை. பிடிக்காதவன் வீட்டுக்குப் போக வேண்டும். இதை எதிர்த்து நடந்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பர் 15-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. தொழிலாளிகள் உயிர் இழந்தார்கள். பழைய ஆட்கள் என்னிடம் அந்த வில்லையைப் பற்றிச் சொல்லும்போது கையை நீட்டிப் பிடித்துக் காட்டுவார்கள். மூட்டைக்கு எண் இருந்தது, எங்களுக்கு அதுவும் இல்லை என்பார்கள்.

கடைசியாக என் கதை ஒன்று. 1996-இல் என் மைத்துனர் வளைகுடாவிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினார். வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடு. சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கியது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டுநாடா புதிதாக இருந்தது. பார்த்தேன். மனதில் ஏதோ பட்டது. கொண்டுவந்த பையனுக்கு அவசரம். வீட்டில் எல்லோருக்கும் பெட்டியைத் திறக்க அவசரம். தாளை நீட்டினான், கையெழுத்துப் போட்டேன். திறந்தால் மிக்சி இல்லை, இரண்டு கம்பளி இல்லை. மறுநாள் போய்க் கேட்டேன். நான் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பிக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு வரி: 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'. தொழிலில் அந்த வரியை ஆயிரம் முறை பார்த்தவன் நான். என் வாசலில் அது என் கண்ணுக்குத் தெரியவில்லை. என் மனைவி அந்த மிக்சியைப் பற்றி இன்றும் பேசுவார்.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். 'ஒரு பக்கம் ஒட்டுநாடா புதிது. உள்ளே பார்க்கவில்லை.' கூடவே தேதியும் நேரமும். ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் எழுதுங்கள். மலையாளம் தெரிந்தால் மலையாளத்தில் எழுதுங்கள். எழுதியது எழுதியதுதான். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. பெட்டியையும் தாளையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத விடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், பெட்டியில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கப்பல் சரக்கில் வெளியே தெரியாத சேதம் என்றால், எடுத்த மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது கடல் வழக்கத்தில் வெகுகாலமாக உள்ள விதி. வாயால் சொன்னது கணக்கில் வராது.

கேள்வி கேட்ட தங்கை நாளைக்கு ஒரு வேலை செய்யட்டும். கம்பெனியில் ஒட்டுகிற காகிதத்தில் ஒன்றை, மேலாளரிடம் கேட்டு, இங்கே கொண்டுவரட்டும். அதில் எத்தனை சொல் நமக்குத் தெரிகிறது என்று எல்லோரும் சேர்ந்து படிப்போம். தெரியாததைப் பலகையில் எழுதுவோம். வாத்துருத்தியிலிருந்து வரும் துறைமுகத் தொழிலாளர் அண்ணன்மாரும் தங்கள் சீட்டுகளைக் கொண்டுவாருங்கள். எனக்கும் தெரியாத சொல் அதில் இருக்கும்.