தாயின் குருதி

நான் பிறந்த மண்டபத்தூரில், கருவுற்ற பெண்ணின் முகம் வெளுத்தால், "பிள்ளைத்தாச்சிக்கு வெளுப்பு சகஜந்தான்" என்பர் முதியோர். அது பாதி உண்மை. அக்காலத்தில் குருதியின் நீர்ப்பகுதி மிகுதியாகப் பெருகும். சிவப்பணுக்கள் அவ்வளவு பெருகா. ஆதலின் குருதி சற்றே நீர்த்துவிடும்.

மறுபாதி ஆபத்தானது. பேறு நெருங்குகையில் நூறு மில்லிலிட்டர் குருதியில் ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. பேற்றின் குருதிப்போக்கை அவ்வுடல் தாங்குவது அரிது.

லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1928இல் பம்பாய்க்கு வந்து இதனை ஆராய்ந்தார். 1931இல் சென்னை கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். ஈஸ்ட் சாறு ஒருவகைச் சோகையைத் தீர்ப்பதைக் கண்டார். அதிலிருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர்பெற்றது, கீரையிலும் உண்டு.

இன்று அதனை இரும்புச்சத்துடன் மாத்திரையாகத் தருகின்றனர். உங்கள் தமக்கை அதனை ஒதுக்கினால், நீங்கள் வாளாவிராதீர்கள்.