செக்ரோலில் நாள் இருக்கட்டும், காரணம் வேண்டாம்

(தோட்ட மாதர் கூட்டத்தில் எமது சங்க அமைப்பாளரான ஆசிரியை ஆற்றிய உரை)



நான் எழுந்தால் சம்பள உயர்வைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைப்பீர்கள். இன்றைக்கும் சம்பளச் சிட்டையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அதில் உள்ள தொகையைப் பற்றி அல்ல. அந்தச் சிட்டை வீட்டுக்குள் போய் என்ன சொல்லிக் கொடுக்கிறது என்பதைப் பற்றி.

முதலில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், என் வகுப்புப் பிள்ளை ஒன்று மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். தாய் முகம் வீங்கி, ஒரு கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். புருஷன் அடித்தது. அவரும் மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. "பேர வெட்டிருவாங்க டீச்சர், நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றார். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில், மறுநாள் காலையில் பெரட்டுக்களத்துக்கே போய்க் கணக்கப்பிள்ளையிடம், "வீட்டுல அடிச்சிருக்காரு ஐயா, ரெண்டு நாள் பொறுத்து வருவாங்க" என்று சொன்னேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. தலையை ஆட்டினார், கையில் இருந்த புத்தகத்தில் குறித்துக்கொண்டார். பகல் கொழுந்து நிறுக்கும்போது மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயந்தரம் புருஷன் காதுக்கும் போய்விட்டது. "ஒபிஸ் வரைக்கும் சொல்லி அனுப்புறியா" என்று அன்று ராத்திரி விழுந்த அடி, முந்தியதைவிட மோசம். அதற்குப் பிறகு அந்த அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழியில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

அவருக்கு நான் லீவு வாங்கிக் கொடுத்தேன். காரணத்தை வெளியே விட்டுவிட்டேன். லீவால் கிடைத்த நன்மையெல்லாம் அதில் அழிந்துபோனது.

டவுனில் வேலை செய்யும் பெண்ணுக்கு வீடு ஒரு இடம், வேலைத்தளம் ஒரு இடம். நமக்கு அப்படியா? லயமும் தோட்டத்துடையது, மலையும் தோட்டத்துடையது. புருஷன் பேரும் பெண்சாதி பேரும் ஒரே செக்ரோலில். கங்காணி அவருடைய மாமாவாக இருப்பார், ஒபிஸ் பொடியன் மச்சானாக இருப்பான். இங்கே ஒருவரிடம் சொன்னால் போதும், ஒலிபெருக்கி தேவையில்லை.

இப்போது சட்டத்தைச் சொல்கிறேன். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அடிபட்ட பெண் தானாகவோ, அவருக்காகப் பொலிசாரோ நீதவான் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். முதலில் 14 நாளைக்கு இடைக்காலக் கட்டளை கிடைக்கலாம். விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை கிடைக்கலாம். வீட்டுக்குள் வரக்கூடாது, வேலைத்தளத்துக்கு வரக்கூடாது என்றுகூட நீதவான் கட்டளை போடலாம். நல்ல சட்டம். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போக எத்தனை நாள் வேண்டும்? பொலிசுக்கு ஒரு நாள். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள். அட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ கோட்டுக்குப் போக ஒரு நாள், தவணை போட்டால் இன்னொரு நாள். நாட்சம்பளக்காரிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பேர். பிள்ளைப்பேற்றுக்கு 84 நாள் என்று சட்டம் இருக்கிறது. இதற்கென்று ஒரு நாள்கூடச் சட்டத்தில் இல்லை.

அந்த நாட்களைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு பேச்சு இல்லை. 2019இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 190ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியபோது, அதோடு வந்த 206ஆம் இலக்கப் பரிந்துரையிலேயே வீட்டு வன்முறைக்கு ஆளானவருக்கு லீவு என்று எழுதியிருக்கிறார்கள். நியூசிலாந்தில் அதே வருடத்திலிருந்து 10 நாள் சம்பளத்தோடு கொடுக்கிறார்கள். ஆனால் வெறும் லீவை மட்டும் கேட்டால், நான் செய்த தவறைச் சங்கமே செய்ததாகிவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு பெண் காலையில் கூடையோடுதான் லயத்தை விட்டு இறங்குகிறார். கூடையைத் தெரிந்த வீட்டில் வைத்துவிட்டு பஸ் ஏறிக் கோட்டுக்குப் போய் வருகிறார். புருஷனுக்குத் தெரியாது. மாதம் முடிகிறது, சிட்டை வருகிறது. நம்ம ஆம்பிளைகளுக்குச் சிட்டை வாசிக்கத் தெரியாது என்று யாரும் நினைக்காதீர்கள். வேறு எதைக் கணக்குப் பார்க்காவிட்டாலும், பெண்சாதிக்கு எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்பதை விரல் விட்டு எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். பல வீட்டில் சிட்டையை வாங்குவதே அவர்கள்தான். "இருபத்திரண்டு பேர் வர வேண்டியது, இருபதுதான் இருக்கு. ரெண்டு நாள் எங்க போன?" காரணம் ஒன்றும் எழுதியிருக்கத் தேவையில்லை. குறைந்த பேரே காட்டிக் கொடுத்துவிடும். "வன்முறை லீவு" என்று தனி வரி ஒன்று போட்டால் கேட்கவே வேண்டாம்.

அவுஸ்திரேலியாவில் இதை யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். அங்கே 2023 பெப்ரவரியிலிருந்து வருடத்துக்கு 10 நாள் சம்பளத்தோடு லீவு. அதோடு இன்னொரு விதி: அந்த லீவு எடுத்ததோ, எத்தனை நாள் மிச்சம் என்பதோ சம்பளச் சிட்டையில் வரவே கூடாது. வழக்கமான வேலை நேரம் போலவோ வேறு கொடுப்பனவு போலவோதான் காட்ட வேண்டும். தொழிலாளி தானாகக் கேட்டால் வேறு வகை லீவாகக் காட்டலாம். சரியான கணக்கு முதலாளியிடம் தனியாக இருக்கும்.

இதைச் சொன்னவுடன் நம் தலைவர் ஒருவரே என்னிடம் கேட்டார், "டீச்சர், இது பொய்க் கணக்கு இல்லையா?" என்று. இல்லை தலைவரே. கணக்கு ஒபிஸ் அலுமாரியில் உள்ளது உள்ளபடி, பூட்டி இருக்கும். சிட்டை என்பது வீட்டுக்குப் போகும் துண்டு. அதில் தொகை சரியாக இருந்தால் போதும், கதை இருக்கத் தேவையில்லை. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன காய்ச்சல் என்று சிட்டையில் எழுதுகிறார்களா?

ஆகவே நிர்வாகத்தோடு பேசும்போது நாம் கேட்க வேண்டியது இது. அந்த நாளும் பேராகவே விழ வேண்டும். வரவுக்குக் கொடுக்கும் ஊக்குவிப்புப் பணமும் அதனால் வெட்டுப்படக் கூடாது, வெட்டினால் தொகை குறையும், குறைந்தால் வீட்டில் கேள்வி வரும். ஒவ்வொரு தோட்டத்திலும் விஷயம் தெரிய வேண்டியவர் ஒரே ஒருவர். அவரும் பெண்ணாக இருந்தால் நல்லது. கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் "இன்றைக்கு லீவு" என்பது மட்டும் போக வேண்டும். டொக்டர் துண்டு, கோட்டு அழைப்பாணை எதுவானாலும் அந்த ஒருவர் பார்த்துவிட்டுக் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். கொப்பி எடுத்து ஃபைலில் போட்டால் அதை நாளைக்கு யாரோ புரட்டுவார்கள். சிட்டையைப் பெண்ணின் கையிலேயே கொடுக்க வேண்டும், புருஷனிடமோ மாமியாரிடமோ அல்ல. இந்தக் கடைசி விஷயத்தை எல்லாப் பெண்களுக்கும் கேட்போம். அப்போது யாருக்காகக் கேட்கிறோம் என்றும் தெரியாது.

சம்பளம் பேங்கில் விழுகிறவர்கள் கவனியுங்கள். கணக்கில் கொடுத்திருக்கும் போன் நம்பர் யாருடையது? புருஷனுடையதாக இருந்தால் பணம் விழுந்த செய்தி அவருக்குத்தான் போகும். நம்பரை மாற்றிக் கேட்க எந்தக் காரணமும் சொல்லத் தேவையில்லை.

இது கையெழுத்தாகும் வரைக்கும் என்ன செய்வது? உங்களுக்கு உரிய வருட லீவைக் கேளுங்கள். "சொந்தக் காரணம்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் பெரட்டில் யார் கேட்டாலும், சின்னதுரையே கேட்டாலும், எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பேசுகிறோம். தோட்டத் தலைவர்மாருக்கும் ஒரு வார்த்தை: ஒரு பெண் உங்களிடம் வந்து சொன்னால், பஞ்சாயத்து வைக்கிறேன் என்று புருஷனைக் கூப்பிட்டு அனுப்பாதீர்கள். அவர் கேட்டது லீவு. கேட்டதை மட்டும் செய்யுங்கள். வீட்டில் போய் உங்கள் பெண்சாதியிடமும் சொல்லாதீர்கள். சிரிக்கிறீர்கள், அங்கிருந்துதான் பாதிக் கதை கிளம்புகிறது.

1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் "நட்பு நிலையம்" என்று ஒரு அறை இருக்கிறது. சிங்களத்தில் மிதுரு பியச என்பார்கள். காயத்துக்கு மருந்து கட்டப் போகும்போதே அங்கே பேசிவிட்டு வரலாம்.

கூட்டம் தொடங்கும் முன் ஒரு அக்கா என்னிடம் கேட்டார், "இந்தக் கூட்டத்துக்கு வந்தாலே வீட்டுல சந்தேகப்படுவாங்களே டீச்சர், என்ன சொல்றது?" என்று. அதனால்தான் நோட்டிசில் "சம்பளச் சிட்டை விளக்கக் கூட்டம்" என்று போட்டிருக்கிறோம். வீட்டில் கேட்டால் சேமலாப நிதிக்கு நமக்கு 8 வீதம் வெட்டுகிறார்கள், கம்பனி 12 வீதம் போட வேண்டும், அதைச் சொல்லித் தந்தார்கள் என்று சொல்லுங்கள். அதையும் இப்போது சொல்லிவிட்டேன். இந்த மாதச் சிட்டையை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் முன்னால் வாருங்கள், ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.